தேறாத லாட்

மகளின் புத்தகப் பையில் கையை விட்டவருக்கு வேண்டியிருந்தது ஒரு பேனா. போன வாரம் பள்ளிக்கூடப் படிவங்கள் ஐந்தாறில் அவள் கையெழுத்துக் கேட்டபோது, ஒன்றையும் படிக்காமல் அவளுடைய பேனாவாலேயே வரிசையாகப் போட்டுத் தள்ளியிருந்தார். நன்றாக எழுதுகிற பேனா. அந்த நினைப்பில்தான் வெளிப்பையைத் திறந்தார். கையில் வந்தது பேனா இல்லை. சதுரமான வெள்ளிக் காகித உறை. ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது.

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவரும் உட்காரத்தான் பார்த்தார். ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. கண் தானாக உறையின் கீழ் ஓரத்துக்குப் போய், அங்கே அச்சிட்டிருந்த லாட் எண்ணைப் படித்தது. நானூற்றுப் பதினேழு.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வெளியே வர இன்னும் ஐந்து நிமிஷமாவது ஆகும். ஐந்து நிமிஷத்தில் ஒரு மனிதனால் எவ்வளவு சந்தேகப்பட முடியுமோ அவ்வளவையும் பட்டு முடித்தார்.

அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு பக்கம் கையுறை செய்கிறார்கள், இன்னொரு பக்கம் ஆணுறை. நடுவில் ஒரே ஒரு சுவர். பெண் பார்க்கப் போன காலத்தில் அவர் கையுறைப் பக்கம் இருந்தார். கல்யாணமான மறு வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் பரிசோதகராக மாற்றிவிட்டார்கள். மனைவியிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டதில் மகள் பிறந்து, நடந்து, பன்னிரண்டாம் வகுப்புக்கே வந்துவிட்டாள். தெருவில் அவருக்குப் பெயர் 'கையுறைக்காரர்'. யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால், டாக்டர்கள் எல்லாம் தன்னை நம்பித்தான் ஆபரேஷன் செய்கிறார்கள் என்கிற தோரணையில் தலையை ஆட்டுவார்.

உண்மையில் அவர் பார்ப்பது தண்ணீர் வேலை. ஒரே சமயத்தில் செய்த சரக்கு ஒரு லாட்; ஒவ்வொரு லாட்டிலும் மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் அளந்து தண்ணீர் ஊற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு, சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உறிஞ்சு தாளில் உருட்டி ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மொத்த மாதிரியில் இரண்டு கசிந்தால் போகட்டும் என்று விடலாம். நானூற்றுப் பதினேழில் ஐந்து கசிந்தன. "அஞ்சுதானே" என்றார் உற்பத்திப் பிரிவு மேலாளர். "அஞ்சு குடும்பம் சார்" என்று சொல்லிவிட்டு, 'தேறவில்லை' என்ற சிவப்பு முத்திரையை இவரே ஓங்கிக் குத்தினார். அந்த லாட் முழுவதையும் எந்திரத்தில் போட்டு வெட்டி அழித்திருக்க வேண்டும். அழிந்துபோன அந்த லாட்தான் இப்போது மகளின் பையில் இருந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நாற்காலியில் வந்து விழுந்தார். மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். பையை ஒரு தடவை பார்த்தாள், அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"என்னப்பா, ஏதாவது கேக்கணுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"குடை எடுத்துக்கிட்டியாம்மா?"

"வெயில் அடிக்குதுப்பா."

"அடிக்கட்டும். எதுக்கும் எடுத்துக்கோ."

 அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. சின்ன வயதில் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு அவள் கேட்காத கேள்வி கிடையாது. இவரும் சளைக்காமல் பதில் சொல்வார். பத்துப் பதினொரு வயதில் அவள் கேட்ட சில கேள்விகளுக்கு இவர் பதிலாக வேறு கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்: பல் தேய்த்தாயா, வாய்ப்பாடு படித்தாயா. அத்தோடு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அவரையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது. அவர் படித்த காலத்தில் அந்தப் பாடம் வந்ததும் வாத்தியார் நான்கு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டி, "இதெல்லாம் வீட்டுல படிச்சுக்கோங்க" என்றார். வீட்டில் கேட்டால், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள் என்றார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் வளர்ந்த மனிதர் அவர். இப்போது மகள் தனக்குத் தெரியாத எங்கோ போய்விட்டாள் என்று பயமாக இருந்தது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. வாய்தான் வரவில்லை.

எடுத்து எறிந்துவிடலாம். எறிந்தால் இன்னொன்று வாங்குவாள், அதுவும் நானூற்றுப் பதினேழாகவே இருந்துவிட்டால்? கூடாது என்று கண்டித்துச் சொல்லலாம். சொன்னால், அப்பாவுக்கு இந்த எண்ணெல்லாம் எப்படித் தெரியும் என்று பேச்சு வரும். தகப்பன் ஒரு பக்கம் இழுத்தார், பரிசோதகர் இன்னொரு பக்கம் இழுத்தார். கடைசியில் பரிசோதகர்தான் ஜெயித்தார். எது நடந்தாலும் நடக்கட்டும், கசிகிற சரக்கு மட்டும் தன் வீட்டுப் பிள்ளையின் பையில் இருக்கக் கூடாது.

சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போனார். லட்சக்கணக்கில் பரிசோதித்தவர், ஒன்றைக்கூடக் கடையில் வாங்கியதில்லை. இருமல் மாத்திரை கேட்டார். தலைவலித் தைலம் கேட்டார். பிறகு கண்ணாடிக்குள் இருந்ததைக் கையால் காட்டினார். கடைக்காரம்மா மூன்று கொண்ட ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். இவர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணைப் படித்துவிட்டு, இந்த லாட் சுமார்தான், இதற்கு அடுத்த லாட் இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பின்னால் நின்றிருந்தவர்களும் பார்த்தார்கள். அடுத்த லாட் கிடைத்தது. போன மாதம் இவரே 'தேறியது' என்று முத்திரை குத்தி அனுப்பியது.

மறுநாள் காலை, குளியலறைச் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைத்தார். உலகத்துக்கே ஒரு நல்லது செய்துவிட்ட மாதிரி இருந்தது. மீதி இரண்டோடு பெட்டி சட்டைப் பையில் இருந்ததை மறந்துபோனார்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவர். அட்டையில் உள்ள எழுத்தைக் காட்டி, இது தெளிவா அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே குரல் வந்துவிட்டது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து பெட்டியை எடுத்து, மனைவி இவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது தெளிவாத் தெரியுதா?"

தெரிந்தது. கம்பெனியில் கொடுத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், கையுறைக் கம்பெனியில் இதை எதற்குக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அடுத்து வரும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"ரோட்டுல கிடந்துச்சு."

"எந்த ரோட்டுல?"

"நம்ம... மெயின் ரோட்டுல."

"ரோட்டுல கிடந்ததை எடுத்துச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வந்தீங்க." மனைவி பெட்டிக்குள் பார்த்தார். "மூணுன்னு போட்டிருக்கு. ரெண்டுதான் இருக்கு."

 மனைவி பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் இதெல்லாம் நடந்தது என்பது ஒன்றுதான் இவருக்கு ஆறுதல்.

இரண்டு நாள் கழித்து, மனசு கேட்காமல் மறுபடியும் பையைப் பார்த்தார். நானூற்றுப் பதினேழு.

 தான் வைத்தது எங்கே போனது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றி வைத்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டே, "கேக்கணுமாப்பா ஏதாவது?" என்றாள். "ஷூ லேஸைச் சரியாக் கட்டும்மா" என்றார். அவள் தன் செருப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய்விட்டாள். சாயங்காலம் மனைவி அலமாரிப் பக்கம் போய்வந்து, "ஒண்ணு" என்று மட்டும் சொன்னார்.

இதற்கெல்லாம் வேர் தொழிற்சாலையில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினார். அழிக்க வேண்டிய சரக்கை யாரோ வெளியே கடத்துகிறார்கள். அழிப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், நானூற்றுப் பதினேழில் ஒரு பெட்டி குறைகிறது. பக்கத்தில் பேக்கிங் அக்காவின் கையெழுத்து. பேக்கிங் பிரிவை இருபது வருஷமாகக் கட்டி மேய்க்கிறவர் அவர். இவருக்குக் கூடப் பிறந்தவர் மாதிரிப் பழக்கம். அக்காவிடமே போய்க் கேட்டார்.

"அது மேலிடத்து விஷயம் தம்பி. என்னைக் கேக்காதீங்க."

"எந்த மேலிடம்க்கா?"

"மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மூச்சு விடக் கூடாது என்று அக்கா சொன்ன நிமிஷத்திலிருந்து, இவருக்கு அக்காவின் மூக்குக்கண்ணாடிகூடச் சந்தேகமாகத் தெரிந்தது. புதிதாக வாங்கியிருக்கிறாரே, எதற்கு? இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். மறுநாளே உத்தரவு வந்தது. பேக்கிங் பிரிவு முழுக்க நின்றது. கட்டி முடித்த பெட்டிகளையெல்லாம் பிரித்து எண்ணி, திரும்பக் கட்டினார்கள். முப்பது பெண்கள் இவரைப் பார்த்த பார்வையில் சாப்பாட்டு அறைக்குப் போகவே முடியவில்லை. அக்கா அன்றைக்கே பேச்சை நிறுத்தினார். அதற்கு நடுவே மகளின் பையில் மூன்றாவது தடவையாக நானூற்றுப் பதினேழு வந்து உட்கார்ந்தது. அலமாரியில் இருந்த கடைசி ஒன்றையும் எடுத்து மாற்றினார். அவள் வழக்கம்போலக் கேட்க, இவர் கணக்குப் பரீட்சை என்றைக்கு என்றார். போன மாதமே முடிந்துவிட்டது என்றாள். குரலில் கொஞ்சம் அலுப்பு இருந்தது.

மனைவி காலிப் பெட்டியை மேஜை மேல் வைத்தார். "தீந்துபோச்சு. ரோட்டுல வேற கிடக்குதான்னு பாருங்க" என்றவரின் கண் கலங்கியிருந்தது. இவருக்கு அப்படியே எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல் இருந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி, சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

புகார் அனுப்பிய மூன்றாம் நாள் தொழிற்சாலை மேலாளர் விடுப்பிலிருந்து திரும்பினார். இன்னும் கட்டி முடியாமல் பிரிந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தார், இவரைக் கூப்பிட்டுவிட்டார். மேஜை மேல் ஒரு கடிதம் இருந்தது.

"கடத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தக் கழிச்ச சரக்காக் கேட்டாங்க, நான்தான் ஒரு பெட்டி குடுக்கச் சொன்னேன். வெளியே தெரிஞ்சா ஆளுக்கொண்ணு பேசுவாங்கன்னு அக்காவை வாயைத் திறக்க வேண்டாம்னேன்." மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "அது சரி, கேட்டைத் தாண்டிப் போன சரக்கு உங்க கண்ணுல எங்க பட்டுச்சு?"

இவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ரோட்டுல கிடந்துச்சு சார்."

"எந்த ரோட்டுல?"

இவர் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தார். மகள் படிக்கும் பள்ளிக்கூடம்.

முதலில் உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே அது கோபமாக மாறியது. பாடம் நடத்தக் கொடுத்தது பாடம் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டாமா? பிள்ளைகள் பையில் அதற்கு என்ன வேலை? அதுவும் தேறாத சரக்கு. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலை நாளில் தேய்த்த சட்டையைப் பார்த்த மனைவி, எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு என்றார். மனைவி நம்பவில்லை. கடைக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூட மருத்துவ அறையில் ஒரு கட்டிலும் ஒரு எடைக் கருவியும் ஒரு கண் பரிசோதனை அட்டையும் இருந்தன. அட்டைக்கு வெளிச்சம் போதாது என்பதை மனைவி உள்ளே நுழைந்ததுமே கவனித்துவிட்டார். உடல்நல வகுப்பு எடுக்கிற நர்ஸ் இருவரையும் உட்காரச் சொன்னார். முப்பது வயதுகூட இருக்காது. இவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, மகள் பையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்த மூன்று வெள்ளி உறைகளையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து வரிசையாக மேஜையில் வைத்தார்.

"நானூத்திப் பதினேழு. மூணும் அதே லாட். இதைப் போய்ப் பிள்ளைங்க பையில குடுத்து அனுப்பியிருக்கீங்க."

மனைவி உறைகளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். இது வேறு மூன்று. இன்னும் எத்தனை மூன்று இருக்கிறதோ என்று முகம் வெளுத்தது.

நர்ஸ் பதறவில்லை. இழுப்பறையைத் திறந்து, ஒரு தபால் கவரிலிருந்து வேறு மூன்றை எடுத்து எதிரே வைத்தார். மருந்துக் கடை லாட்.

"அப்போ இது உங்களோடதுதான். எங்க நோட்டுல உங்க வீடு பன்னிரண்டாம் நம்பர்." தடித்த நோட்டு ஒன்றைப் புரட்டினார். "வீட்டுப்பாடம் சார். நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்துலயே விவரமா இருந்துச்சே. பாடம் முடிஞ்சதும் இதை ஆளுக்கொண்ணு குடுத்தோம். பத்து நாள் பையிலயே இருக்கணும். வீட்டுல யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லணும், உக்காந்து பேசணும். ஆனா கேக்காம தானா ஆரம்பிக்கக் கூடாது. என்ன நடக்குதுன்னு தினமும் எழுதணும்."

படிவத்தைப் படித்தீர்களா என்று நர்ஸ் கேட்கவில்லை. மனைவிதான் கேட்கிற மாதிரிப் பார்த்தார். நர்ஸ் மகளின் கையெழுத்தில் இருந்த பக்கத்தைத் திருப்பி நீட்டினார். இவர் படித்தார்.

'முதல் நாள்: அப்பா பார்த்துவிட்டார். குடை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். நல்ல வெயில்.

இரண்டாம் நாள்: உறை மாறியிருக்கிறது. இது நம்முடையது இல்லை. நர்ஸிடம் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள்: மறுபடியும் மாறியிருக்கிறது. ஷூ லேஸைக் கட்டச் சொன்னார். நான் போட்டிருந்தது செருப்பு.

ஏழாம் நாள்: மூன்றாவது தடவையும் மாறிவிட்டது. கணக்குப் பரீட்சை பற்றிக் கேட்டார். அப்பாவுக்குத் தூக்கம் இல்லை என்று நினைக்கிறேன். பாவமாக இருக்கிறது.'

கடைசி வரியை அவர் இரண்டு தடவை படித்தார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அறையில் வெளிச்சம் போதாததால் இல்லை.

"லாட் நம்பரெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது நர்ஸ் இல்லை, மனைவி.

இவர் தரையைப் பார்த்தார். "நான்தான் அதை டெஸ்ட் பண்றேன்."

"அப்போ கையுறை?"

"அது சுவத்துக்கு அந்தப் பக்கம்."

"எத்தனை நாளா?"

"பதினெட்டு வருஷமா."

மனைவி மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். மேஜையில் இருந்த மருந்துக் கடைச் சரக்கை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மூன்று. சரியாக இருந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்; தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நர்ஸ் தண்ணீர் எடுக்கப் போனார். அழுகை இல்லை.

"ரோட்டுல கிடந்துச்சாம்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

மனைவி சிரித்ததில் இவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வந்த தெம்பை வீணாக்காமல் நர்ஸ் பக்கம் திரும்பினார். படிவத்தைப் படிக்காதது தன் தப்புதான், ஒத்துக்கொண்டார். மகளிடம் கேட்காதது அதைவிடப் பெரிய தப்பு, அதையும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்றை மட்டும் அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எவ்வளவோ தேறிய சரக்கு கிடங்கில் கிடக்கிறது. பாடத்துக்கே ஆனாலும் பொறுப்பான ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியதையா கேட்டு வாங்கும்?

நர்ஸ் தண்ணீர் டம்ளரை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நோட்டை மூடி வைத்தார்.

"உங்க வேலை அவளுக்கு ஆறாவது படிக்கும்போதே தெரியுமாம் சார். தேறாத லாட்டாப் பாத்துக் கேக்கச் சொன்னதே அவதான் – 'நல்லதா இருந்தா எங்கப்பா பாத்துட்டுப் பேசாம போயிடுவார் மிஸ், ஓட்டை இருந்தா மட்டும்தான் என்கிட்ட வாயைத் திறப்பார்'னு."